நம்பர் பிளேட்டுக்கு எத்தனை குதிரை சக்தி

குன்னத்துகால்,
11.02.2024

அன்புள்ள தம்பி ஜெனிலுக்கு,

மைனி அஜிஷா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மாமிக்கு முட்டுவலி கொஞ்சம் கூடுதல். மாமா சர்க்கரைக்கு மருந்தும் சாப்பிடுகிறார், சர்க்கரையும் சாப்பிடுகிறார். ஓசூரில் குளிர் குறைந்ததா?

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இது ஆட்சேபனைக் கடிதம். வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு நம் எல்லை மோட்டார் கிளப்பே உடையப் பார்த்த பிறகு, வண்டியின் வகுப்பைப் பற்றிய ஆட்சேபனை கடிதமாகத் தபாலில்தான் வர வேண்டும் என்று விதி போட்டவன் வகுப்புச் செயலாளராகிய நீ. சரி, தபாலிலேயே வருகிறேன். ஆனால் கொழுந்தனுக்கு நலம் விசாரிக்காமல் கடிதம் எழுத எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் வரும்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஆட்சேபனை என்றால் முழுக்க எழுத வேண்டுமே. என் வண்டி இரண்டு இருக்கை, கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் உடம்பு. ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது சிசி. கிளப் விதிப்படி ஆயிரத்து இருநூறுக்குள் இருந்தால் சின்ன வகுப்பு, ஆயிரத்து அறுநூறுக்குள் நடு வகுப்பு, அதற்கு மேல் ஓப்பன். என்னை ஓப்பனில் போட்டிருக்கிறீர்கள். காரணம், நம் வீடு கேரளப் பக்கம் என்றாலும் என் டிரைவிங் ஸ்கூல் எல்லை தாண்டிக் களியக்காவிளையில் இருக்கிறது, வண்டியும் அந்த விலாசத்தில் TN 75. தமிழ்நாட்டு நம்பர் என்றால் எதுவானாலும் ஓப்பன் வகுப்பு என்று உன் விதி சொல்கிறது.

போன மாதம் ரப்பர் எஸ்டேட் ரோட்டில் நடந்த ஓட்டத்தில் இரண்டு லிட்டர் டர்போ வண்டிகளோடு ஓடினேன். ஓடினேன் என்ன, அவர்கள் ஓடியதைப் பார்த்தேன். கடைசி. தோற்றது எனக்குப் பெரிதில்லை. நான் யாரோடு ஓட வேண்டுமோ அவர்களோடு ஓடித் தோற்க வேண்டும். என்னைச் சின்ன வகுப்புக்கு மாற்று.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மைனி அஜிஷா


ஓசூர்,
02.03.2024

அன்புள்ள மைனிக்கு,

ஜெனில் எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முட்டுக்குப் போட ஒரு எண்ணெய் வாங்கி அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

உங்கள் ஆட்சேபனை கிடைத்தது. அந்த விதி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு வண்டிகள் வந்து எல்லா வகுப்புக் கோப்பையையும் அள்ளிக்கொண்டு போயின. வெளியே பார்த்தால் சாதாரண வண்டி, உள்ளே என்ன செய்திருந்தார்களோ நம் ஆட்களுக்குப் புரியவில்லை. அப்போதுதான் தலைவர் மோகனன் அண்ணன், "பானட்டத் திறக்காண்டாம், பிளேட்டப் பாத்தா மதி" என்றார். பிளேட் போதும் என்று எல்லாரும் கைதட்டினோம். அதன் பிறகு ஒரு தகராறும் இல்லை.

ஒருவருக்காக விதியைத் திறந்தால் பத்துப் பேர் வருவார்கள். அதிலும் நீங்கள் என் சொந்த அண்ணன் மனைவி. செயலாளர் தன் வீட்டு ஆளுக்காக விதியை வளைத்தான் என்று நெய்யாற்றின்கரை முழுக்கப் பேசுவார்கள்.

சுலபமான வழி இருக்கிறது. வண்டியை நெய்யாற்றின்கரைக்குப் பதிவு மாற்றிவிடுங்கள். அலைச்சலும் செலவும் என்னுடையது. KL 20 வந்த அன்றே நீங்கள் சின்ன வகுப்பு.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
ஜெனில்


குன்னத்துகால்,
15.03.2024

அன்புள்ள ஜெனிலுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எண்ணெய் வந்தது. மாமி ஒரு நாள் தேய்த்துவிட்டு, நாற்றம் சகிக்கவில்லை என்று மாமாவின் முட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு முட்டுவலியே கிடையாது.

பதிவை மாற்ற மாட்டேன். தகட்டை மாற்றினால் வண்டி மாறுமா? அதே இன்ஜின், அதே டயர், அதே நான். திங்கட்கிழமை இரண்டு லிட்டர் வண்டிக்குச் சமம், செவ்வாய்க்கிழமை தகடு மாட்டியதும் சின்ன வண்டி. இன்ஜின் சோதிக்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் நீ. நம்பர் பிளேட்டுக்கு எத்தனை குதிரை சக்தி என்று சோதித்துச் சொல்.

கோயம்புத்தூர்க்காரன் ஜெயித்ததற்குக் களியக்காவிளை வண்டிக்குத் தண்டனை. நடுவே எத்தனை ஜில்லா கிடக்கிறது! கல்யாணமாகி வந்த புதிதில் மாமாவும் இப்படித்தான். "தமிழ்நாட்டுக்காரிக்கு நம்ம மீன்கறி பிடிக்குமோ என்னவோ" என்பார். என் அம்மா வீட்டில் அடுப்பு மூட்டினால் புகை இங்கே வரும். அதற்கு அன்றைக்குச் சிரித்தேன். இதற்குச் சிரிக்க மாட்டேன்.

விதியை எனக்காக வளைக்கச் சொல்லவில்லை. எல்லாருக்கும் சேர்த்து நேராக்கு. ஓட்டுகிறவரை உட்கார வைத்து வண்டியை எடை போடு. சிசியை அந்த எடையால் வகு. டர்போ இருந்தால் சிசியைக் கூட்டிப் போடு. வருகிற எண்ணை வைத்து வகுப்பைப் பிரி. கோயம்புத்தூரா பாறசாலையா என்று வண்டிக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு வருகிறாய் அல்லவா?

இப்படிக்கு,
மைனி


ஓசூர்,
09.04.2024

அன்புள்ள மைனிக்கு,

ஈஸ்டருக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும். இங்கே வேலை நெருக்கடி. உங்கள் அம்மா வீட்டில் எல்லாரும் நலம்தானே?

உங்கள் யோசனையைக் கமிட்டியில் வைத்தேன். இது பொழுதுபோக்கு கிளப், இதற்கெல்லாம் யார் எடை போட்டுக்கொண்டிருப்பது என்கிறார்கள். ஆனால் உங்கள் ஆர்வத்தை எல்லாரும் மதிக்கிறார்கள். மே மாத ஓட்டத்திலிருந்து பெண்களுக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுக்கலாம் என்று மோகனன் அண்ணனே சொன்னார். ஓப்பன் வகுப்பில் நீங்கள் எந்த இடத்தில் வந்தாலும் அது உங்களுக்கு.

இதோடு இதை முடித்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

அன்புடன்,
ஜெனில்


குன்னத்துகால்,
20.04.2024

ஜெனிலுக்கு,

எல்லாரும் சுகம். நீ சுகமா?

கிளப்பில் கார் ஓட்டுகிற பெண் நான் ஒருத்தி. ஒருத்தி ஓடி ஒருத்தி ஜெயிக்கிற கோப்பையை வாங்கிக்கொண்டு படம் எடுக்க நிற்க வேண்டுமாக்கும்! மோகனன் அண்ணன் கடைக்கே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பிள்ளே, நல்ல பெரிய கப்பாக்கும்" என்றார். பெரியதாக இருந்தால் அண்ணன் கடையிலேயே அளவுப் படியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இனி நேராகவே கேட்கிறேன். இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய். உன் வண்டியைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை. உன் வண்டி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு சிசி, ஆனால் டர்போ. என் வண்டியைப் போல இரண்டு மடங்கு சக்தி. ஆறு வருஷமாக ஓசூரில் கிடக்கிறது, தமிழ்நாட்டுப் பெட்ரோல் குடிக்கிறது, தமிழ்நாட்டு மழையில் நனைகிறது. ஆனால் தகடு KL 20. அதனால் நீ சின்ன வகுப்பில். உனக்குப் பின்னால் ஷிஜு அவனுடைய பழைய மாருதி எண்ணூறை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக இரண்டாவதாக வருகிறான். கோப்பை மூன்றும் நம் முன்னறையில் இருக்கின்றன. தூசி தட்டுகிறவள் நான்.

நீ வேண்டுமென்று அப்படி விதி எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விதியால் யாருக்கு லாபம் என்று உனக்குத் தெரியும்.

பதில் எழுது.

மைனி


குன்னத்துகால்,
10.06.2024

அன்புள்ள ஜெனிலுக்கு,

எல்லாரும் சுகம். ஏழு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் மழையைப் பற்றியும் மாமியின் முட்டைப் பற்றியும் பேசுகிறோம், இதைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. அதுவும் நல்லதுதான், மாமிக்கு முன்னால் நாம் சண்டை போட வேண்டாம்.

மே மாத ஓட்டம் முடிந்தது. ஓப்பனில்தான் ஓடினேன். மரப்பால் ஷெட்டுக்குப் பக்கத்து வளைவில் பின்னால் ஒரு பெரிய வண்டி வேகமாக வந்தது. ரோடு அகலம் அங்கே உனக்குத் தெரியுமே. நான் ஓரம் போனேன். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் கெட்டது, சரியாக்கிக்கொள்ளலாம். வேறொன்றும் இல்லை.

எனக்கு வேலை அதிகமாக இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதுகிறார். அடியில் கையெழுத்து நான் இட்டதுதான். கோணலாக இருந்தாலும் செல்லும்.

ஆட்சேபனையை நான் திரும்பப் பெறவில்லை.

மைனி அஜிஷா


ஓசூர்,
18.06.2024

மைனிக்கு,

அண்ணன் எழுத்தைப் பார்த்ததும் அவனைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் எல்லாம் சொன்னான். வலது மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, காரக்கோணத்தில் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்திருக்கிறதாம். "அவளுக்கு வேலை அதிகமாம்ணு எழுதச் சொன்னா, எழுதினேன் மக்கா, நான் என்ன செய்ய" என்கிறான்.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை போனில்கூட ஒரு வார்த்தை இல்லையே.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இந்த வருஷம் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். அந்த வளைவில் உங்களுக்கு இன்னும் பெரிதாக ஏதாவது நடந்திருந்தால் அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஜெனில்


குன்னத்துகால்,
14.07.2024

அன்புள்ள ஜெனிலுக்கு,

கட்டு அவிழ்த்தாயிற்று. எழுத்து கொஞ்சம் ஆடுகிறது, நான் ஆடவில்லை. மாமி எனக்கு மூன்று நேரமும் சோறு பிசைந்து ஊட்டினார். ஒரு நாள்கூட காரை விடு என்று சொல்லவில்லை. "அந்தப் பெரிய வண்டி எதுக்குப் பிள்ளே உனக்க பக்கத்தில வந்தது?" என்று மட்டும் கேட்டார். அதைத்தான் நானும் பிப்ரவரியிலிருந்து கேட்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ இரக்கப்பட்டு வகுப்பை மாற்றிவிடுவாய் என்று பயம். உடைந்த கைக்காக மாற்றுகிற வகுப்பு எனக்கு வேண்டாம். கணக்குப்படி மாற்ற வேண்டும். ஓட்டத்தை விடவும் மாட்டேன். வேகமான வண்டிக்கு நடுவே மெதுவான வண்டியைக் கொண்டு விட்டது விதி. விலக வேண்டியது விதியாக்கும், நான் இல்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, பாறசாலைக்கு அந்தப் பக்கம் கல் லாரிகள் எடை போடுகிற மேடைக்கு என் வண்டியைக் கொண்டு போனேன். ஷிஜுவையும் கூப்பிட்டிருந்தேன். அவன் இரண்டு பேரைக் கூட்டி வந்தான், அவர்கள் மற்றவர்களுக்குப் போன் போட்டார்கள். மதியத்துக்குள் கிளப் வண்டிகள் லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்றன. லாரிக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மோகனன் அண்ணன் நிறுத்தத்தான் வந்தார். வந்தவர் கடைசியில் தன் வண்டியையும் மேடையில் ஏற்றினார். ஓட்டுகிறவரோடு சேர்த்து எடை என்றதும், "எலே ஷிஜு, எனக்க எடைய சத்தமா வாசிக்காத, கேட்டியா" என்றார். ஷிஜு சத்தமாகத்தான் வாசித்தான்.

முடிவை இதோடு அனுப்பியிருக்கிறேன். டர்போவுக்குப் பெரிய பந்தயங்களில் போடுவதுபோல ஒன்று புள்ளி ஏழால் பெருக்கியிருக்கிறேன். ஒரு காரியத்தை நானே சொல்லிவிடுகிறேன், நீ கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன். ஃபைபர் உடம்பானதால் என் வண்டி எடை குறைவு, வகுத்தால் எண் கூடுகிறது. என் கணக்குப்படியே நான் சின்ன வகுப்பு இல்லை, நடு வகுப்பு. மறுபடியும் இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன். ஷிஜு, "மைனி, வகுப்புக் கோட்டக் கொஞ்சம் தள்ளி வரையுங்க, ஆரு கேப்பா" என்றான். நான் கேட்பேன். கோடு அங்கேயே இருக்கட்டும். என்னை நடு வகுப்பில் போடு.

எடை போடாத வண்டி ஒன்றுதான் மிச்சம். அது ஓசூரில் நிற்கிறது.

மைனி


ஓசூர்,
22.09.2024

அன்புள்ள மைனிக்கு,

அனைவரும் நலமென்று நம்புகிறேன். கை முழுக்கத் தேறியதா?

ஓணத்துக்குப் பிறகு கமிட்டி கூடியது. நானும் போனில் கலந்துகொண்டேன். பதிவு எண்ணை வைத்து வகுப்புப் பிரிக்கும் விதி நீக்கப்பட்டது. எடைக் கணக்கு நவம்பர் ஓட்டத்திலிருந்து அமலுக்கு வருகிறது. நீங்கள் நடு வகுப்பு.

இங்கே ஒரு எடை மேடையில் என் வண்டியை நானும் ஏறி எடை போட்டேன். ரசீது வைத்திருக்கிறேன். அது ஓப்பன் வகுப்பு.

வகுப்புச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். தூரத்தில் இருந்துகொண்டு செய்ய முடிகிற வேலை இல்லை.

முன்னறையில் இருக்கும் கோப்பைகளை ஷிஜு வந்தால் கொடுத்துவிடவும்.

அன்புடன்,
ஜெனில்


குன்னத்துகால்,
13.10.2024

அன்புள்ள ஜெனிலுக்கு,

கை நன்றாக இருக்கிறது. மழை நாளில் மட்டும் கம்பி இருக்கிற இடம் ஞாபகப்படுத்துகிறது.

ஷிஜு வந்தான். கோப்பையில் உன் பெயர் பொறித்திருக்கிறது, நான் கொண்டுபோய் என்ன செய்ய என்று கேட்டான். பின்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அவன் அம்மாவுக்குக் காட்டவாம்.

உன் பொறுப்புக்கு யாரும் வரவில்லை. திட்டு வாங்குகிற வேலை என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். கடைசியில் மோகனன் அண்ணன், "சண்டை போட்டவளே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். ஆனால் நானும் உன்னைப் போல வண்டி ஓட்டுகிறவள்தான். அதனால் எல்லா வண்டியின் எடையும் கணக்கும் அவர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும், யாரும் பார்க்கலாம், யாரும் கேட்கலாம். ஆட்சேபனை பழையபடி தபாலில்.

நவம்பரில் வா. மாமி அயலைக்கறி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மைனி


ஓசூர்,
08.12.2024

அன்புள்ள மைனிக்கு,

ஊரிலிருந்து நல்லபடி வந்து சேர்ந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய மீன் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

இது ஆட்சேபனைக் கடிதம். வீட்டில் இருந்தபோது சொல்லவில்லை, விதி அப்படி.

நவம்பர் ஓட்டத்தில் ஓப்பன் வகுப்பில் நான் கடைசி. முன்னால் போனவர்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு பஸ் நிறுத்தலாம். மரப்பால் ஷெட் வளைவில் பின்னால் பெரிய வண்டி வந்தபோது கண்ணாடியில் அதன் விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நானும் ஓரம் போனேன். மண்ணில் இறங்கி நின்றேன்.

டர்போவுக்கு ஒன்று புள்ளி ஏழு என்பது பெரிய பந்தயங்களுக்கான எண். என்னுடையது கடைக்குப் போய்வரச் செய்த சின்ன டர்போ. அந்தப் பெருக்கல் இதற்கு அதிகம் என்று நினைக்கிறேன். தயவுசெய்து பரிசீலிக்கவும். நிராகரித்தாலும் வருத்தமில்லை. ஏன் நிராகரித்தீர்கள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஜெனில்


குன்னத்துகால்,
21.12.2024

அன்புள்ள ஜெனிலுக்கு,

எல்லாரும் சுகம். மாமா கேரல் குழுவுக்கு வைத்திருந்த கேக்கை ஒளிந்து தின்று பிடிபட்டார்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டினேன். "ஏழு மாசம் உன்னை இழுத்தடிச்சானில்லா, ஒரு வருஷம் அவனும் அங்க கெடந்து ஓடட்டும் பிள்ளே" என்றார். எனக்கும் அந்த ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். கையில் கம்பியோடு இருக்கிறவளுக்கு வராதா? ஒரு நாள் முழுக்க அந்த ஆசையோடு சுகமாக இருந்தேன்.

பிறகு நவம்பர் ஓட்டத்தின் நேரங்களை எடுத்து உட்கார்ந்தேன். உன் நேரம் ஓப்பன் வண்டிகளின் பக்கத்திலேயே இல்லை. நடு வகுப்பில் முதலாவது வந்தவனுக்கும் இரண்டாவது வந்தவனுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்று புள்ளி ஏழை நான் எங்கிருந்தோ எடுத்து, நம் வண்டிகளில் சோதிக்காமல் ஒட்டிவிட்டேன். பானட்டைத் திறக்காமல் பிளேட்டைப் பார்த்ததும் இதே வேலைதான். இனி ஒன்றரையால் பெருக்கினால் போதும். மற்ற டர்போ வண்டிகளுக்கும் போட்டுப் பார்த்தேன், அவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கணக்கை மோகனன் அண்ணன் கடைச் சுவரில் ஒட்டியாயிற்று. ஒரு வாரம் ஆகிறது, யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

உன் ஆட்சேபனை ஏற்கப்படுகிறது. நீ இனி நடு வகுப்பு. என் வகுப்பு.

நவம்பரில் நான் நாலாவது வந்தேன். நீ வந்தால் ஐந்தாவது ஆவேன், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஜனவரியில் கொடி விழுந்ததும் முதல் வளைவின் உள்பக்கத்தை நான் எடுப்பேன். பின்னால் எத்தனை தடவை ஹாரன் அடித்தாலும், கொழுந்தன் என்று வழிவிட மாட்டேன். தாண்டிப் போக முடிந்தால் போ.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வீட்டுக்கு வா. மாமி உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டார்.

இப்படிக்கு,
அஜிஷா விபின்,
வகுப்புச் செயலாளர், எல்லை மோட்டார் கிளப்